கொல்லையிலும் கொல்லாமை



சென்ற தசலக்ஷண பருவத்தின்போது நம் ஊர் ஜினாலயத்து முன்மண்டபத்தில் மகளிர் கூடியிருந்த அவையில், உத்தம க்ஷமையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம்மைப் பணித்தனர். கூறி முடித்து அமர்ந்ததும், நமக்கு மருமகள் முறையாகும் ஓர் அம்மையார் எழுந்தார். "அத்தை, பொறுமையைப் பற்றி நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் நெல் மூட்டையை எலி கடிக்கிறது. கொல்லையில் பாம்பு வருகிறது. முருங்கை முழுவதும் கம்பளிப்பூச்சி. இவற்றிடம் எப்படிப் பொறுமை காட்டுவது? அதைச் சொல்லுங்கள்" என்றார். அவையில் சிரிப்பு எழுந்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு இரண்டு திங்கள் முன்னர் நம் இல்லத்தில் நடந்த ஒன்று அப்போது நினைவில் எழுந்து நம் வாயை அடைத்துவிட்டது. அன்று அவையில் சொல்லாததை இங்கே எழுதுகின்றோம்.

நம் மகன் நகரத்தில் பணிபுரிகின்றவர். விடுமுறைக்கு வந்தவர், அடுக்களையில் எலியின் நடமாட்டத்தைக் கண்டு, கடைவீதியிலிருந்து பசை தடவிய அட்டை ஒன்றை வாங்கி வந்தார். "அம்மா, இதில் விஷம் இல்லை, கம்பி இல்லை. இது கொல்வதே இல்லை. ஒட்டிக்கொள்ளும். காலையில் எடுத்து வெளியே விட்டுவிடலாம்" என்றார். விஷம் இல்லை என்ற ஒரு சொல்லே நமக்குப் போதுமானதாயிற்று. 36 ஆண்டுகள் வகுப்பறையில் நின்று, எதையும் கேள்வி கேட்டு அறிக என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த நாம், ஒரு கேள்வியும் கேளாமல் தலையசைத்தோம்.

இரவு இரண்டு மணியளவில் மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், அட்டையில் கிடந்தது எலியன்று, மூஞ்சூறு. கரப்பானையும் பூச்சியையும் தின்று திரிவது. நம் நெல்லுக்கு எலியளவு பகையில்லாதது. நான்கு கால்களும் வயிறும் பசையில் பதிந்திருந்தன. இழுத்து இழுத்துப் பார்த்ததில் ஒரு முன்காலின் தோல் உரிந்துவிட்டிருந்தது. எண்ணெய் பட்டால் பசை இளகும் என்பது நமக்குத் தெரியும். கடலை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பஞ்சால் நீவி நீவி, அரை மணி நேரத்தில் விடுவித்தோம். பழைய துணி விரித்த கூடையில் இட்டு, அருகமர்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் சொன்னோம். விடியுமுன் அது இறந்துவிட்டது.

ஓசை கேட்டு எழுந்து வந்திருந்த பத்து வயதுப் பேத்தி, "பாட்டி, நாம அதைக் கொன்னுட்டோமா?" என்று கேட்டாள். "இல்லை கண்ணு, அது தானாகப் போய் மாட்டிக்கொண்டது" என்றார் அவள் தந்தை. நாம் குறுக்கிட்டு, "இல்லையம்மா, நாம்தான் கொன்றோம்" என்றோம். மகனுக்கு முகம் வாடிவிட்டது. ஆயினும் குழந்தைக்குப் பொய் சொல்லி அனுப்ப நமக்கு மனம் இடந்தரவில்லை.

இல்லறத்தார்க்குத் துறவியர்க்குரிய மகாவிரதம் விதிக்கப்படவில்லை என்பதை யாவரும் அறிவோம். உழுவதிலும் சமைப்பதிலும் வீடு பெருக்குவதிலும் நேரும் இம்சையை இல்லறத்தான் முற்றும் நீக்கவியலாது. அவன் நீக்க வேண்டியது சங்கல்ப இம்சை. இதைக் கொல்வேன் என்று நினைந்து இயங்குயிரைக் கொல்லுதல். அதையும் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரை மெச்சுதல் என மூவகையாலும் நீக்க வேண்டும். ஆகவே கூலிக்கு ஆளை அழைத்து மருந்து அடிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் போகும்வரை கோயிலில் அமர்ந்திருப்பவர் தாம் விரதம் காத்ததாக எண்ணுவது கணக்கில் பிழை.

இவ்வளவும் நம்மவர்க்குத் தெரிந்ததே. தெரிந்தும் நாம் மறப்பது அடுத்த பகுதி. அஹிம்சாணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வகுத்துரைக்கின்றது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. உயிர் போகவில்லையே என்று சொல்லித் தப்ப இங்கு வழியில்லை. ஏரில் பூட்டும் எருதுக்கும் வண்டி மாட்டுக்கும் உரைத்ததாகவே நாம் இதைப் படித்து வந்தோம். வகுப்பிலும் அப்படியே விளக்கி வந்தோம். அன்றிரவு அந்த அட்டையை மீண்டும் பார்த்தபோதுதான், ஐந்தில் மூன்று அதன்மேல் ஒருங்கே கிடப்பதைக் கண்டோம். கட்டு இருந்தது, சிதைவு இருந்தது, நீரின்றி விடியும்வரை கிடக்கும் கிடையும் இருந்தது. இந்திய விலங்குகள் நல வாரியமும் இந்தப் பசை அட்டைகள் கூடாவென்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. அவ்வாரியம் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் வழியே அமைந்தது; அதன் முதல் தலைவியாய் இருந்தவர் கலாக்ஷேத்திரத்து ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். நம் சமயத்தார் முன்னின்று சொல்லியிருக்க வேண்டியதை வேறொருவர் சொல்ல நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

எலி மருந்தோ இதனினும் கொடிது. குருதி உறையாமற் செய்யும் மருந்தைத் தின்ற எலி உடனே மடிவதில்லை. உள்ளே குருதி கசிந்து சில நாட்கள் துன்புற்று இறக்கின்றது. தள்ளாடும் அவ்வெலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் அந்த நஞ்சு செல்கின்றது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையோ கல்லீரலை அழிப்பது. அதற்கு மாற்று மருந்து இல்லை. அதனை வாங்கி வைத்த வீடுகளில் அதனால் மடிந்தது எலி மட்டுமா? ஒரு கணச் சினத்தில் அதனை எடுத்து உண்ட இளம் பிள்ளைகளின் செய்தியை நாம் எத்தனை முறை நாளேட்டில் படித்திருக்கின்றோம்! அதனை வீட்டில் வையாதிருப்பது எலிக்குச் செய்யும் உதவிக்கு முன் நம் மக்களுக்குச் செய்யும் காவல்.

அப்படியாயின் எலிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். மூஞ்சூறு இறந்த மறுநாள் நாம் அடுக்களையைச் சுற்றி வந்தோம். நீர் போகும் புழையின் வாயில் பொருத்தியிருந்த கம்பிவலை பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பெயர்ந்தது, மீண்டும் பொருத்தப்படவே இல்லை. அரிசிச் சாக்கு தரையில், வாய் கட்டாமல் கிடந்தது. இம்சை அன்றிரவு இரண்டு மணிக்குத் தொடங்கவில்லை. தைத் திங்களிலேயே தொடங்கிவிட்டது. இதற்குத்தான் நம் ஆகமங்கள் பிரமாதம் என்று பெயரிட்டன. கருத்தின்மையோடு கூடிய செயலால் உயிருக்கு வரும் கேடே இம்சையென்று வரையறுத்தனர் ஆசிரியர். நாம் அட்டை வைத்ததைத் தவறென்று எளிதில் ஒப்புக்கொள்கின்றோம். வலையைப் பொருத்தாமல் ஆறு திங்கள் சோம்பியிருந்ததைத் தவறென்று யார் எண்ணுகின்றனர்?

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். எழுதுகோலின் பருமன் கூட வேண்டியதில்லை. பெரிய எலிக்கு அதன் இருமடங்கு போதும். கதவின் கீழ்விளிம்பு, குழாய் சுவரில் நுழையும் இடம், ஓட்டிற்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்து ஆகியவற்றை ஒரு நாள் பகலில் பொறுமையாகப் பார்த்து, சிமெண்டாலும் கம்பிவலையாலும் அடைக்க வேண்டும். நெல்லையும் அரிசியையும் மூடியுள்ள தகரப் பெட்டியில், தரையினின்று உயர்த்தி வைக்க வேண்டும். இரவில் எச்சில் பாத்திரம் கிடக்கலாகாது. இரவுண்ணாமை காக்கும் வீட்டில் இது கடினமன்று. பொழுது சாயுமுன் உண்டு, துலக்கி, அடுக்கிவிட்டால் இரவெல்லாம் அடுக்களையில் தின்ன ஒன்றுமில்லை. அந்த விரதத்தின் பயன் எலிக்கும் சேர்ந்தே கிடைக்கின்றது.

உள்ளே அகப்பட்டுக்கொண்டதற்குக் கூண்டுப் பொறி வைக்கலாம். ஆனால் கூண்டு வைத்தவர் உறங்கப் போய்விட்டு, மறுநாள் உச்சிவேளையில் நினைவு வந்து பார்ப்பது முன்சொன்ன ஐந்தாம் அதிசாரமே. மாலையிலும் விடியலிலும் பார்க்க இயலாதவர் கூண்டு வைக்க வேண்டா. உள்ளே சிறிது தீனியும் ஈரமுள்ள வெள்ளரித் துண்டும் இருக்கட்டும். பிடித்ததைப் பல கல் தொலைவு கொண்டுபோய் விடுவது பெருங்கருணை போலத் தோன்றும். அறியாத நிலத்தில், வளையின்றி, பகலில் விடப்பட்ட எலி காக்கைக்கும் பருந்துக்கும் இரையாகும். அன்றியும் அது வேறொருவர் வயல். நம் வேலிக்கு வெளியே, அந்தி சாய்ந்தபின் விட்டுவிட்டு, திரும்பி வரும் வழியை முன்னரே அடைத்திருப்பதே நேரிது. வீட்டினுள் குட்டிகளின் ஒலி கேட்டாலோ தாயை மட்டும் பிடித்து வெளியேற்றலாகாது; குட்டிகள் பசியால் மடியும். அவை ஓடியாடும் பருவம் வரச் சில வாரங்களே ஆகும். பொறுத்திருந்து பின்பு புழையை அடைக்கலாம்.

எலி இருக்கும் இடத்திற்குப் பாம்பு வரும். சிதறிய தானியம் எலியை அழைக்க, எலி பாம்பை அழைக்கின்றது. கொல்லையில் வருவது பெரும்பாலும் சாரை. அதற்கு நஞ்சில்லை, எலியே அதன் உணவு. எனினும் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நம் பகுதியில் உண்டு. அவற்றை இன்னதென்று தெரியாமல் நெருங்கலாகாது. 'அஹிம்சாவாதி' என்ற பெயருக்காக வெறுங்கையால் பாம்பைப் பிடிக்கத் துணிபவரை நாம் மெச்சமாட்டோம். குழந்தைகளை உள்ளே அனுப்பி, தொலைவில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்திற்குத் தொலைபேசியில் சொன்னால் அவர்கள் வந்து பிடித்துச் செல்வர். கட்டுவிரியன் இரவில் வீட்டினுள் வருவது. கடித்தது உணராமலே இருக்கக்கூடும். ஆகவே மழைக்காலத்தில் வெறுந்தரையில் படுக்க வேண்டா. கடிபட்டால் மந்திரிப்பு, பச்சிலை என்று பொழுதைப் போக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்க. அங்குள்ள நஞ்சுமுறி மருந்து இந்நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் ஆனது. அதற்கு வேண்டிய நஞ்சை வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகின்றனர். எடுத்தபின் பாம்பைக் காட்டில் விட்டுவிடுகின்றனர். அடித்துக் கொன்ற பாம்பால் யாருக்கும் மருந்தில்லை.

பார்சுவநாத பகவானின் திருமேனியை நாகத்தோடு கண்டு வணங்கும் நமக்கு, அந்த நாகத்தின் வரலாறு கொல்லைப்புற வரலாறு என்பது தோன்றுவதில்லை. தாபசன் ஒருவன் வேள்வித் தீக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான். இளவரசராயிருந்த பார்சுவர், அவதி ஞானத்தால் அக்கட்டையினுள் பாம்பிணை இருப்பதை அறிந்து, வெட்டாதே என்றார். அவன் கேளாமல் வெட்டினான். உள்ளிருந்த இரண்டும் வெட்டுண்டன. பார்சுவரின் சொல் கேட்டு அமைதியுற்று மடிந்த அவ்விரண்டுமே தரணேந்திரனும் பத்மாவதியுமாயின. அந்தத் தாபசனுக்குப் பாம்பின்மேல் பகையில்லை. அவன் விறகைப் பார்க்கவில்லை. பார் என்று சொல்லியும் பார்க்கவில்லை. நமக்கு அவதி ஞானம் இல்லை. ஆனால் விறகை அடுக்கினின்று எடுக்குமுன் கோலால் தட்டும் கை இருக்கின்றது. பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் காக்கும் கருத்தைச் சமிதிகளுள் ஒன்றாக வைத்தனர் முன்னோர். உதிர்ந்த இலையைக் கூட்டி இரவெல்லாம் குவியலாக விட்டு, மறுநாள் காலையில் அப்படியே தீ வைப்பவர் அதனுள் எத்தனை மரவட்டையும் தேரையும் அடைக்கலம் புகுந்தன என்று அறிவாரா? கூட்டியதை எரிக்காமல், மரத்தடியில் பரப்பிவிட்டால் எருவாகும்.

கொசுவைப் பற்றி நேரே பேசுவோம். டெங்குக் காய்ச்சலால் பிள்ளையை இழந்த வீட்டிற்குச் சென்று வந்தவர்கள் நாம். கொசுவையும் விட்டுவிடுங்கள் என்று யாருக்கும் சொல்லத் துணியோம். அந்தக் கொசு தூய நீரில், தொட்டியின் உட்சுவரில் முட்டையிடுகின்றது. முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டை பல திங்கள் உயிரோடிருக்கும். ஆதலால் தொட்டியைத் துணியால் இறுகக் கட்டி, உரலையும் உடைந்த சட்டியையும் தேங்காய் ஓட்டையும் கவிழ்த்து வைத்து, அது முட்டையிடவே இடங்கொடாதிருப்பது தலையாயது. இரவும் பகலும் வலையினுள் குழந்தையை உறங்க வைக்க வேண்டும். இவ்வளவும் தவறி, தொட்டியில் புழு நெளிவதைக் கண்டால்? கீழே கொட்டத்தான் வேண்டும், அவை மடியும். கிணற்றில் மீன் விட்டால் நம் கைக்குப் பழியில்லை என்று ஓர் அன்பர் வாதிட்டார். மீனைக் கொண்டு உண்பித்தல் செய்வித்தலில் சேராதா? நம்மால் ஆனது இவ்வளவே: கொட்டுவோம், அதனை அஹிம்சையென்று அழைக்கமாட்டோம், அன்று மாலைப் பிரதிக்கிரமணத்தில் அதனை மறவாமல் சொல்வோம், மறுவாரம் தொட்டியை மூடுவோம்.

எறும்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாரி வரும் தடத்தை அவை இல்லாத நேரத்தில் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தால் அவற்றின் மோப்பத் தடம் அழியும். வாசலில் பச்சரிசி மாவால் கோலமிட்டு வந்த காலத்தில் அவற்றுக்கு உணவு வெளியிலேயே கிடைத்தது. இப்போது கல்மாவில் கோலமிட்டுவிட்டு, எறும்பு உள்ளே வருகிறதென்று குறைப்படுகின்றோம். அரிசியில் வண்டு கண்டால் முறத்தில் பரப்பி, பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் வைத்தால் அவை நிழலை நாடித் தாமே நகர்ந்துவிடும். உயரத்தில் மலைத்தேனீ கட்டிய கூட்டுக்குப் புகை போடுவதைவிட, பூக்காலம் முடியும்வரை அந்தப் பக்கம் போகாதிருப்பது எளிது. அவை தாமே இடம் பெயரும். பள்ளி வாயிலைப் போல் ஆள் நடமாடும் இடமாயின் தீயணைப்பு நிலையத்தாரிடம் சொல்க.

கம்பளிப்பூச்சிக்கு வருவோம். மழை தொடங்கியதும் முருங்கை அடிமரத்தில் அடையடையாக மொய்த்திருக்கும். இரவில் மேலேறி இலையைத் தின்று, பகலில் இறங்கித் திரளும். மயிர் பட்டால் உடல் தடித்து அரிக்கும். நம் இளமையில், மண்ணெண்ணெய்ப் பந்தத்தைக் கோலில் கட்டி மரத்தோடு சேர்த்துப் பொசுக்குவார்கள். அடுத்த வீட்டில் அவ்வாறு செய்த நாளில் நம் அன்னையார் சன்னலைச் சாத்திவிட்டு எங்களைப் பின்கட்டிற்கு அழைத்துச் சென்றது நினைவிருக்கின்றது. பின்னர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இயற்கைப் பாடத்திற்குப் பூச்சிகளை ஊசியால் குத்தி அட்டையில் பதித்து வருமாறு சொன்னபோது, நாம் அந்தக் கம்பளிப்புழுவையும் அதன் அந்துப்பூச்சியையும் வண்ணத்தில் வரைந்து கொடுத்தோம். மதிப்பெண் குறைந்தது. அதனை வரைவதற்காக நாள்தோறும் மரத்தடியில் அமர்ந்து பார்த்ததில்தான், அது முருங்கையிலையன்றி வேறொன்றையும் தொடவில்லை என்பதைக் கண்டோம்.

இந்த ஒரு செய்தி, பின்னாளில் நமக்குப் பெருந்தொல்லை தந்தது. துடைப்பத்தால் மெல்ல முறத்தில் தள்ளிக் கொண்டுபோய்ப் புறம்போக்கில் விட்டுவிடலாம் என்றே பல ஆண்டுகள் செய்துவந்தோம். முருங்கை இல்லாத புறம்போக்கில் முருங்கை மட்டும் உண்ணும் புழுவை விட்டு வருவது, உணவு மறுத்தலின்றி வேறென்ன? கையால் கொல்லாமல் பசியால் கொன்று வந்திருக்கின்றோம். இதனை உணர்ந்த ஆண்டில் பின்வேலியோரம் ஒரு முருங்கைக் கொம்பை நட்டோம். கொம்பு நட்டால் பிடித்துக்கொள்ளும் மரம். நீர் கூட அதிகம் கேட்பதில்லை. முன்மரத்தில் திரளும் புழுக்களை அங்கே கொண்டுபோய் விடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கையில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். முன்மரத்தருகே எரிந்துகொண்டிருந்த வாசல் விளக்கையும் மழைக்காலத்தில் பொழுதோடு அணைத்துவிடுகின்றோம். விளக்கை நாடி வரும் அந்து அருகிலுள்ள மரத்தில்தானே முட்டையிடும்? அணைத்தபின் நம் கண்ணுக்குப் புழு குறைந்தே தெரிகின்றது.

அடுத்த வீட்டார் நகைப்பதுண்டு. "டீச்சரம்மா பூச்சிக்கு அன்னசத்திரம் வைத்திருக்கிறார்கள்" என்பார்கள். நகைக்கட்டும். சாதுர்மாஸத்தில் பூச்சி மிகும் என்பதற்காகவே கீரையை விலக்குகின்றோம். நாம் உண்ணாத திங்களில்தான் அவை உண்ண வருகின்றன. உண்ணாத கீரைக்காக நாம் ஏன் பந்தம் கொளுத்த வேண்டும்?

கேள்வி கேட்ட மருமகளுக்கு ஒரு முருங்கைக் கொம்பு வெட்டி வைத்திருக்கின்றோம். வந்து எடுத்துச் செல்லலாம். அடுக்களைப் புழைக்குப் புது வலை பொருத்தியாயிற்று. விடுமுறைக்கு வரும் பேத்தி, பையைக் கூட இறக்காமல் முதலில் அங்கே குனிந்து, வலையை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகின்றாள். சென்ற முறை ஒரு மூலை தளர்ந்திருந்தது. "பாட்டி, இதைக் கட்டுங்க" என்று கம்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.